கடற்காற்றும் மாத்திரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, மாவிட்டபுரத்திற்கும் கீரிமலைக்கும் அண்மையில் உள்ள துறைமுகப் பட்டினம் காங்கேசன்துறை. கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் புகையிரதப் பாதை அங்கேதான் முடிகின்றது. அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் தமிழகத்தின் கரை. முன்னாளிற் கயாத்துறை என வழங்கிய இத்துறைக்கு, மாவிட்டபுரக் கோயிலுக்கென வந்த காங்கேயன் திருவுருவம் இங்கு கரையிறங்கியமையால் இப்பெயர் ஏற்பட்டதென்பது மரபு. குன்மநோயும் குதிரைமுகமும் வாய்க்கப்பெற்று வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்திலே நீராடி நோய் நீங்கினாள் என்னும் கதையை அறியாதார் அப்பகுதியில் இல்லை. ஓரூரின் நீரும் காற்றும் நோயைப் போக்கும் என்ற நம்பிக்கை அம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அக்கதையே சான்று.

அந்த நம்பிக்கை புராண காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலும் அது வேறொரு கோலம் பூண்டு வந்தது. காங்கேசன்துறையின் உலர்ந்த காற்றையும் கடலோரத்து வெளியையும் கருதிச் சயரோகிகளுக்கென ஒரு சனற்றோரியம் அங்கே ஏற்பட்டது. வடமாகாணத்திலே இருமி இருமி இரத்தம் கக்கியவர்கள், தம் வீட்டையும் கிணற்றடியையும் பனந்தோப்பையும் விட்டு அங்கே சென்று மாதக்கணக்கிற் படுத்திருந்தார்கள். சிலர் தேறி வந்தார்கள். பலர் வரவில்லை.

சயரோகம் என்ற சொல்லை அக்காலத்தில் உரக்கச் சொல்லுவாரில்லை. "நெஞ்சு வருத்தம்" என்பார்கள், "இளைப்பு" என்பார்கள். நோயாளிக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய் வைப்பது வழக்கம். அந்நோய் புகுந்த குடும்பத்திலே பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினார்கள். ஆதலால் நோயை மறைப்பது நோயாளியின் முதற் கடமைபோல் ஆகிவிட்டது. மறைத்தவர் வீட்டிலே இருமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது. இதனை அறியாமை என்று எளிதாக ஒதுக்கிவிடலாகாது. மருந்தில்லாத நோய்க்கு அஞ்சுவதும், அந்த அச்சத்தினால் அதனை ஒளிப்பதும் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பே. ஐரோப்பாவிலும் அவ்வாறே நடந்தது.

சனற்றோரியம் என்னும் எண்ணம் பிறந்ததும் அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சைலீசியா மலைநாட்டிலே, கேபர்ஸ்டோர்வ் என்னும் ஊரில், ஹேர்மன் பிறேமர் என்னும் வைத்தியர் காசநோயாளருக்கென முதற் சனற்றோரியத்தைத் தொடங்கினார். தூய காற்று, நல்லுணவு, அளவான உலாவல், ஓய்வு என்பனவே அவருடைய மருந்துப் பெட்டி. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் றொபேட் கொக் என்பார், இந்நோய் பரம்பரைச் சாபமன்று, கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியின் வேலை என்று மெய்ப்பித்தார். பகைவன் யார் என்று தெரிந்துவிட்டது. அவனைக் கொல்லும் படைக்கலம் மட்டும் கிடைக்கவில்லை. படைக்கலம் இல்லாதவன் கோட்டை கட்டுவதுபோல உலகெங்கும் சனற்றோரியங்கள் எழுந்தன.

தமிழர் ஒருவரும் இவ்வியக்கத்தில் முன்னின்றார் என்பது பலருக்குத் தெரியாது. டேவிட் சௌரி முத்து என்னும் வைத்தியர் இங்கிலாந்திலே மெண்டிப் மலைச்சாரலில் ஒரு சனற்றோரியத்தை நடத்தி வந்தார். வெள்ளைக்காரரின் நாட்டிலே, வெள்ளைக்காரரும் தேடிவரும் வைத்திய நிலையமொன்றை ஒரு தமிழர் நடத்தியமை அக்காலத்தில் அரிய செய்தி. கேம்பிரிட்ஜிலே நோயுற்ற கணித மேதை சீனிவாச இராமானுசன் 1917ஆம் ஆண்டிற் சிறிது காலம் அவருடைய பராமரிப்பில் இருந்தார். பின்னர் மாட்லொக் என்னும் ஊரிலுள்ள வேறொரு சனற்றோரியத்துக்குச் சென்றார். திறந்த சாளரங்களின் நடுவே குளிரில் நடுங்கியும், ஒவ்வாத உணவோடு போராடியும் அவர் அங்கே கழித்த நாட்கள் துயரமானவை. தாயகம் திரும்பிய இராமானுசன் 1920ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள் சென்னையின் சேத்துப்பட்டிலே, 32ஆம் வயதில் உயிர் நீத்தார். அவருக்கு வந்தது சயரோகமே என்று அன்று எல்லாரும் கொண்டனர். பிற்காலத்தில் ஏடுகளை ஆராய்ந்த சிலர், அது ஈரலைப் பற்றிய வேறு நோயாயிருக்கலாம் என்கின்றனர். சேத்துப்பட்டு என்ற பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை மீண்டும் அங்கே வரவிருக்கின்றது.

சௌரி முத்து பின்னர் சென்னைக்கு வந்து, 1928ஆம் ஆண்டிலே தாம்பரத்தில் ஒரு சனற்றோரியத்தை நிறுவினார். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. சென்னைப் புறநகர் இரயிலிற் செல்வோர் தாம்பரத்திற்கு முன்னே "சானடோரியம்" என்றொரு நிலையத்தைக் காணலாம். வைத்தியசாலையின் பெயரே ஊர்ப்பெயராய் நின்றுவிட்டது. பெருந்துறையிலும் மதனப்பள்ளியிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன. காங்கேசன்துறையிலிருந்த சனற்றோரியமும் இந்தப் பெருங்குடும்பத்தின் ஒரு பிள்ளையே.

சனற்றோரிய வாழ்க்கை எப்படிப்பட்டது? விடியற்காலையில் உடற்சூடு பார்ப்பார்கள், மாலையிலும் பார்ப்பார்கள். பாலும் முட்டையும் கொடுப்பார்கள். பேச்சைக் குறைக்கச் சொல்வார்கள். கட்டில் கடற்பக்கம் அல்லது தோட்டப்பக்கம் நோக்கியிருக்கும். நோய் முற்றியவர்களுக்கு விலாவினூடாக ஊசி ஏற்றிக் காற்றைச் செலுத்தி, பழுதுற்ற சுவாசப்பையைச் சுருங்கச் செய்வார்கள். அதற்கும் அடங்காவிடில் விலா எலும்புகளையே வெட்டி அகற்றுவார்கள். இவையெல்லாம் சுவாசப்பைக்கு ஓய்வு கொடுக்கும் உபாயங்கள். நோயாளிக்கு ஓய்வு கிடைத்தது. அவன் குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன? புகையிலைத் தோட்டத்திலே நீரிறைக்கும் ஒருவன் ஓராண்டு படுத்துவிட்டால், அவன் பிள்ளைகள் எதை உண்பர்? தாய் சென்றுவிட்டாற் கைக்குழந்தையை யார் பார்ப்பர்? வைத்திய நூல்கள் இக்கேள்விகளைக் கேட்கவில்லை. ஒரு விஞ்ஞான நிலையம் இவற்றைக் கேட்டு, எண்களாலே விடையும் தந்ததுதான் இப்பேச்சின் பொருள்.

அதற்கு முன் மருந்துகள் வந்தன. 1943ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. போரினால் நலிந்த பிரித்தானியாவுக்கு அம்மருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. எல்லாருக்கும் கொடுக்க முடியாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோற் தற்செயலுக்கு விட்டார்கள். பிராட்போட் ஹில் என்னும் புள்ளிவிவர அறிஞர் அதனை ஒழுங்குபடுத்தினார். 107 நோயாளரில் 55 பேருக்கு மருந்து; 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்திலே மருந்து பெற்றோரில் நால்வர் இறந்தனர்; பெறாதோரில் 14 பேர் இறந்தனர். வெற்றி முழங்கியிருக்க வேண்டிய நேரம். ஆனால் ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றவர்களிலும் 32 பேர் இறந்துபோயிருந்தனர். பெறாதவர்களில் 35 பேர். கிருமி அம்மருந்தைத் தாங்கி நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒற்றை மருந்து போதாது என்ற பாடம் அத்தனை உயிர்களை விலையாகக் கொண்டு கிடைத்தது. பாஸ் என்னும் மருந்தும், 1952ஆம் ஆண்டில் ஐசோனயசிட் என்னும் மருந்தும் அதனோடு சேர்ந்தன. ஐசோனயசிட் மலிவானது, வாயால் விழுங்கத்தக்க சிறு மாத்திரை. நியூயோர்க் நகரின் சீவியூ வைத்தியசாலையிலே, எழுந்திருக்க மாட்டாத நோயாளிகள் அதனை உண்டு கூடத்திலே ஆடிய புகைப்படங்கள் உலகமெங்கும் பரவின.

இந்த நிலையிலேதான் சென்னை நகரிற் காசநோய் இரசாயனச் சிகிச்சை நிலையம் 1956ஆம் ஆண்டு தொடங்கியது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதனை நிறுவின. ஐந்தாண்டுக்கென்று தொடங்கிய முயற்சி அது. இடம், இராமானுசன் உயிர் நீத்த அதே சேத்துப்பட்டு. அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின், அவரைக் கொன்றதென்று கருதப்பட்ட நோயை வெல்லும் வழியை அங்கே தேடத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்து ஆராய்ச்சியை நடத்தியவர் வாலஸ் பொக்ஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளியது. நல்ல மருந்து கையிலிருக்கும்போது நோயாளியைச் சனற்றோரியத்திற் படுக்கவைக்க வேண்டுமா, அல்லது அவன் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தாற் போதுமா? இந்தியாவிற் காசநோயாளர் இலட்சக்கணக்கிலே இருந்தனர். அவர்களுக்கென இருந்த கட்டில்களோ சில பத்தாயிரங்களே. கட்டில் இன்றியமையாதது என்று விடை வந்தால், பெரும்பாலோரைக் கைவிட நேரும். கட்டில் வேண்டாம் என்று வந்தால், ஏழை நாடுகள் அனைத்துக்கும் வழி திறக்கும். ஆதலால் விடையை ஊகத்திற்கு விட முடியாது.

அறிஞர் பலர் வீட்டுச் சிகிச்சையை அபாயம் என்றே எண்ணினர். அவர்கள் அச்சத்திலும் நியாயம் இருந்தது. சென்னைச் சேரிகளில் ஒற்றை அறையிலே ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகள் பல. சளியிலே கிருமியுள்ள தகப்பனை அந்த அறையிலேயே விட்டுவிடுவது, தெரிந்துகொண்டே பிள்ளைகளை நெருப்பின் அருகே படுக்கவைப்பது போலாகாதா? நோயாளிக்கு வயிறார உணவில்லை, ஓய்வில்லை, காற்றோட்டம் இல்லை. சனற்றோரியம் எவற்றையெல்லாம் மருந்தாகக் கருதியதோ, அவையனைத்தும் அந்த வீடுகளில் இல்லை.

193 நோயாளரைத் தேர்ந்து, யார் வீட்டில், யார் சனற்றோரியத்தில் என்பதைத் தற்செயலின்படி பகுத்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனயசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. சனற்றோரியத்தார்க்கு ஓய்வும் தாதியர் பணியும் செறிந்த உணவும் கூடுதலாகக் கிடைத்தன. வீட்டார் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்று தம் வேலையையும் ஒருவாறு பார்த்துக்கொண்டனர். சுகாதாரப் பணியாளர் அவர்கள் வீடுகளுக்குச் சென்று வந்தனர். சனற்றோரியத்தாரிற் சிலர் வைத்தியர் சொல்லையும் மீறி இடையிலேயே வீடு திரும்பியதும் உண்டு. கட்டிலும் முட்டையும் கிடைத்தும் அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதை, குடும்பத்தைப் பிரிந்து ஒரு மாதம் வைத்தியசாலையிற் கிடந்தவர் எவரும் அறிவர்.

1959ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியோர் சனற்றோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. அந்தச் சிறு வேறுபாடு தற்செயலாலும் நேரக்கூடியதே என்று கணக்கறிந்தோர் காட்டினர். சனற்றோரியத்தாரின் உடல் நிறை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் தீர்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது தெளிவாயிற்று. நல்லுணவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. நல்லுணவு இல்லாதவனையும் மருந்து காப்பாற்றும் என்பதே பொருள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் இரு சாராரிடையே பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

எல்லாரும் மூச்சடக்கிக் காத்திருந்த கணக்கு வேறு: வீட்டிலுள்ள பிள்ளைகளின் கணக்கு. நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் விடாது பரிசோதித்தனர். தகப்பனோ தாயோ சனற்றோரியத்துக்குச் சென்ற வீடுகளைக் காட்டிலும், நோயாளி வீட்டிலேயே இருந்த வீடுகளிற் புதிதாக நோய் கண்டவர் கூடுதலாக இல்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளியின் சளி பெரும்பாலும் தீங்கற்றதாகிவிடுகின்றது. பரவவேண்டிய நோய், வைத்தியரிடம் வருவதற்கு முன்னரே, நோய் இன்னதென்று தெரியாதிருந்த மாதங்களிலேயே பரவிவிடுகின்றது. தனித் தட்டும் தனிப் பாயும் வைத்த நம் முன்னோர், அவற்றை வைக்கத் தொடங்கிய நாளிலேயே காலம் கடந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இந்த முடிவு உலகெங்கும் சனற்றோரியங்களின் கதவை மெல்ல மெல்ல மூடியது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள நிலையங்களுக்கு, சென்னையின் குடிசை மக்களிடமிருந்து பாடம் சென்றது. அறிவு மேற்கிலிருந்து கிழக்குக்கே வரும் என்று கற்பிக்கும் வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவது தகும்.

எனினும் நிலையத்தார் வெற்றிக் களிப்பில் அமர்ந்துவிடவில்லை. வீட்டுச் சிகிச்சையின் வலுவற்ற இடம் எதுவென்று அவர்களே தேடிக் கண்டார்கள். பாஸ் மருந்து நாள்தோறும் பல கிராம் உட்கொள்ள வேண்டியது, குமட்டும், வயிற்றைக் கலக்கும். இருமல் நின்று உடம்பு தேறியதும், நோயாளி மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் "உண்கிறேன்" என்று சொல்வான். அவனைப் பொய்யன் என்பது எளிது; தமக்கு நோயில்லை என்று தோன்றியபின் கைப்பான மருந்தை ஓராண்டு உண்ணக்கூடியவர் எத்தனை பேர்? பொக்ஸ் அவர்களும் உடன்பணியாற்றியோரும் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைக் கொணர்ந்து பரிசோதித்தார்கள். பெரிக் குளோரைட்டு விட்டதும் நிறம் மாறினால் பாஸ் உள்ளே சென்றிருக்கிறது, மாறாவிட்டாற் செல்லவில்லை. நேர்மையான முகத்தையும் பணிவான சொல்லையும் நம்பிய வைத்தியர்களின் மதிப்பீடு பல வேளை தவறியது. எவன் உண்பான், எவன் உண்ணான் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை என்று பொக்ஸ் வெளிப்படையாக எழுதினார்.

அதற்கு அவர்கள் கண்ட மாற்று, மேற்பார்வையில் மருந்துண்ணல். நோயாளி வாரம் இருமுறை நிலையத்துக்கு வந்து, பணியாளர் கண்முன்னே ஸ்ரெப்ரோமைசின் ஊசியும் மிகுந்த அளவு ஐசோனயசிட்டும் பெற்றுச் செல்வது. நாள்தோறும் உண்பதற்கு இது குறைந்ததன்று என்பதை 1964ஆம் ஆண்டளவில் மெய்ப்பித்தனர். மூன்று பதிற்றாண்டுகளுக்குப் பின், 1990களில், உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை முறைக்கு வித்து இதுவே.

பெங்களூரில் 1959ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் காசநோய் நிலையமும் இக்காலத்தில் அரிய பணி செய்தது. கிராமத்து மக்கள் அறியாமையால் வைத்தியரிடம் வருவதில்லை என்று எல்லாரும் குறைகூறிக்கொண்டிருந்தனர். அந்நிலையத்தார் கிராமங்களுக்கே சென்று விசாரித்தபோது, சளியிற் கிருமியுள்ளவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே ஒரு வைத்திய நிலையத்துக்குச் சென்று, நோய் இன்னதென்று கண்டறியப்படாமல், இருமல் மருந்து ஒரு போத்தலோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தமை தெரியவந்தது. குறை எந்தப் பக்கம் இருந்தது என்பது அதோடு விளங்கிவிட்டது.

ஆராய்ச்சி நிலையங்கள் எப்போதும் இனிய விடையே தருவதில்லை. பி.சி.ஜி. என்னும் தடுப்பூசி இலங்கையில் 1949ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அது வயதுவந்தோரைச் சுவாசப்பைக் காசத்திலிருந்து காக்குமா என்று அறிவதற்காக, 1968ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு மாவட்டத்திலே இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களிடையே பேராராய்ச்சி ஒன்று தொடங்கியது. இத்துறையில் உலகம் கண்ட மிகப் பெரிய ஆராய்ச்சிகளுள் அது ஒன்று. ஏழரை ஆண்டுக் கணக்கு வெளிவந்தபோது, தடுப்பூசி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பதினைந்தாண்டுக் கணக்கும் அதனையே உறுதிசெய்தது. கோடிக்கணக்கான மக்களுக்குக் குத்திவந்த ஊசியைப் பற்றி இப்படியொரு விடை வருவதை எந்த அரசாங்கம் விரும்பும்? ஆயினும் அதனை மறைக்காமல் வெளியிட்டனர். குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசத்தை அவ்வூசி தடுக்கும் என்பது வேறு ஆராய்ச்சிகளால் உறுதியானமையால், பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் இடப்படுகின்றது. வீட்டுச் சிகிச்சையின் வெற்றியைக் காட்டிலும், இந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டமையே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையத்தின் நேர்மைக்கு உரைகல் என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஐந்தாண்டுக்கென்று தொடங்கிய சேத்துப்பட்டு நிலையம் நிலைத்துவிட்டது. 1978இற் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறியது. றிபாம்பிசின் என்னும் வலிய மருந்து வந்தபின், ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் நீண்ட சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கும் முயற்சியில் கிழக்காபிரிக்கா, ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகியவற்றோடு சென்னையும் பங்குகொண்டது. தாம்பரத்துச் சனற்றோரியம் நெஞ்சு நோய் வைத்தியசாலையாக மாறி, 1990களிலிருந்து எயிட்ஸ் நோயாளருக்கும் புகலிடமாயிற்று.

காங்கேசன்துறையின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. 1950ஆம் ஆண்டில் அவ்வூரிற் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணக்கல் அதற்கு மூலப்பொருள். நாட்டுக்கு வேண்டிய தொழில். ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு தந்த தொழில். ஆயினும் சுவாசப்பைக்குத் தூய காற்றைத் தேடி நோயாளிகள் வந்த ஊரிலேயே சீமெந்துப் புகைபோக்கியும் எழுந்ததைக் காலத்தின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். காற்றை நம்பிய வைத்தியம் அப்போது முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. புகைபோக்கி எழுந்து ஒன்பதாம் ஆண்டிலே சென்னையின் முடிவு வெளியாயிற்று.

1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். காங்கேசன்துறை உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஆலய மணி ஓய்ந்தது, தொழிற்சாலை நின்றது, புகையிரதம் வருவதும் நின்றது. மக்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தார்கள். வீட்டுச் சிகிச்சை என்ற பெரிய கண்டுபிடிப்பு தன்னுள்ளே ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தது: நோயாளிக்கு ஒரு வீடு இருக்கும் என்பதே அது. சென்னைச் சேரியின் ஒற்றை அறையும் வீடே. அதற்கு ஒரு கதவு உண்டு, அடுத்த வாரமும் அவன் அங்கேயே இருப்பான் என்ற உறுதி உண்டு, பணியாளர் சென்று மாத்திரையை எண்ணலாம். இன்று ஒரு பாடசாலைக் கட்டிடத்திலும், அடுத்த மாதம் வேறொரு கொட்டிலிலும் இருப்பவனை எந்த முகவரியில் தேடுவது? இடையிலே மருந்து நின்றால் நோய் திரும்பும்; திரும்பும் நோய் மருந்துக்கு அடங்காததாகவும் ஆகலாம். போர் நடந்த நாடுகளிலெல்லாம் சயரோகம் தலைதூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆராய்ச்சி நிலையம் தரும் விடை அமைதிக் காலத்து விடை. அதனைப் போர்க்காலத்திற் காப்பாற்றுபவர்கள் ஊர்தோறும் உள்ள சிறு பணியாளர்களே.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலே காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது. நிலங்கள் சிறிது சிறிதாக உரியவர்களுக்குத் திரும்பத் தொடங்கின. இலங்கையிலே ஆண்டுதோறும் சற்றேறக்குறைய எண்ணாயிரம் ஒன்பதினாயிரம் பேருக்குச் சயரோகம் கண்டறியப்படுகின்றது. வடபகுதியாரும் அவர்களுள் உண்டு. இன்று அவர்கள் கடற்கரைக்குச் சென்று படுப்பதில்லை. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திலே சளியைப் பரிசோதித்து, நான்கு மருந்துகளை இரண்டு மாதமும் அவற்றுள் இரண்டை மேலும் நான்கு மாதமும் உண்கிறார்கள். மருந்துக்குப் பணமில்லை. வேலைக்குச் செல்வோர் சில வாரங்களிற் செல்கிறார்கள்.

ஒருவருடைய சளியிற் கிருமி கண்டதும், அப்பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர் வீட்டைத் தேடி வருவார். முற்றத்திலே கதிரை போட்டு அமர்ந்து, அவ்வீட்டில் உறங்குவோர் யார் யார், குழந்தைகள் எத்தனை பேர், இருமுவோர் உண்டா என்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதுவார். அவர்களையும் நிலையத்துக்கு வரச்சொல்லி நாள் குறித்துக் கொடுப்பார். அயலார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள் என்பதற்காகச் சில வீட்டார் அவரைப் பின்வாசலால் வரச்சொல்லுவதும் உண்டு; அவரும் சைக்கிளைச் சந்தியிலே நிறுத்திவிட்டு நடந்து செல்வார்.